நீதிபதி ஆக விரும்பும் மாணவிக்கு எந்தச் சட்டக் கல்லூரி?

கேள்வி: நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியில், ஆறாம் வகுப்பு முதல் தமிழ் வழியில் படித்து, இந்த ஆண்டு பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் 600-க்கு 538 மதிப்பெண் பெற்றுள்ளேன். சிவில் நீதிபதி ஆக வேண்டும் என்பது என் விருப்பம். அப்பா கொத்தனார் வேலை செய்கிறார். ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. சென்னையில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேர்த்துவிடலாம், ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ஆகும், கல்விக் கடன் போக மீதிக்கு நிலத்தை அடமானம் வைக்கலாம் என்கிறார் மாமா. என் ஆசிரியையோ ஓராண்டு வீட்டிலிருந்து படித்து கிளாட் தேர்வு எழுதி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேரச் சொல்கிறார். அங்கே படித்தால் நீதிபதி ஆவதும் எளிது, இல்லாவிட்டாலும் பெரிய கம்பெனிகளில் லட்சக்கணக்கில் சம்பளம் கிடைக்கும் என்கிறார். அரசு சட்டக் கல்லூரி என்றால் வகுப்பே ஒழுங்காக நடக்காது என்று வீட்டில் அனைவரும் தயங்குகிறார்கள். நான் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விருப்பங்கள் இருக்கின்றன. சிவில் நீதிபதி ஆவது உங்களுடையது. பெரிய நிறுவனத்தில் பெரிய சம்பளம் என்பது பிறர் உங்களுக்குச் சொன்னது. இவ்விரண்டுக்கும் உரிய கல்லூரிகள் வெவ்வேறானவை என்பதால், முதலில் நீங்கள் சொன்ன விருப்பத்தையே எடுத்துக்கொண்டு, நீதிபதி பதவிக்குப் போகும் வழி எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிறேன். பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. கல்லூரியை முடிவு செய்து, பணத்தைக் கட்டி, நான்காம் ஆண்டில்தான் மேற்கொண்டு என்ன என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள்.

தமிழ்நாட்டில் சிவில் நீதிபதிகளை டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் போட்டித் தேர்வின் மூலம் தேர்ந்தெடுக்கிறார்கள். முன்பு சட்டம் படித்து முடித்தவுடனேயே இத்தேர்வை எழுத வாய்ப்பு இருந்தது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சிவில் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிப்பவர் குறைந்தது மூன்று ஆண்டுகள் வழக்கறிஞராகப் பணிபுரிந்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை நாடு முழுவதற்கும் மீண்டும் கொண்டுவந்தது. அந்த மூன்றாண்டுகள், நீங்கள் வழக்கறிஞராகத் தற்காலிகப் பதிவு செய்துகொள்ளும் நாளிலிருந்து கணக்கிடப்படும். பெயரளவில் பதிவு செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து படித்தவர்களை விலக்குவதற்காக, அந்தந்த நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலரோ, பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் அந்த அலுவலரின் மேலொப்பத்துடனோ சான்று தர வேண்டும் என்றும் தீர்ப்பில் சொல்லப்பட்டிருக்கிறது. எந்தக் கல்லூரியில் பட்டம் பெற்றாலும் இந்த மூன்றாண்டுகளைத் தாண்டிப் போக வழியில்லை. ஆகவே தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் படித்தால் நீதிபதி ஆவது எளிது என்ற கருத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் காலத்தில் வெளிவரும் அறிவிக்கையில் தகுதி விதிகளை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக்கொள்ளவும் வேண்டும். இவ்விதி கடந்த காலத்திலும் நீக்கப்பட்டு, இப்போது திரும்பி வந்திருக்கிறது.

அடுத்து, தேர்வின் தன்மை. முதன்மைத் தேர்வில் ஒரு தாள் முழுவதும் மொழிபெயர்ப்பு. சாட்சி வாக்குமூலங்கள், தீர்ப்புப் பகுதிகள், ஆவணங்கள் ஆகியவற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்ற வேண்டும். சட்டத் தாள்களில் ஒன்று உரிமையியல் வழக்குகளில் எழுவினாக்களை, அதாவது தீர்க்க வேண்டிய தகராறுகளை, வனைந்து தீர்ப்பு எழுதுவது. இன்னொன்று குற்றவியல் வழக்குகளில் குற்றச்சாட்டு வனைந்து தீர்ப்பு எழுதுவது. வாதியின் வழக்குரையையும் பிரதிவாதியின் எதிர்வழக்குரையையும் வாசித்து, இருவருக்கும் இடையில் உண்மையில் எதைப் பற்றித்தான் தகராறு என்று பிரித்தெடுக்கும் பழக்கம், கீழ்நிலை உரிமையியல் நீதிமன்றமான முன்சீப் கோர்ட்டில் சீனியரின் வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்குத்தான் விரைவில் வருகிறது. விரிவுரை வகுப்பு எவ்வளவு நன்றாக நடந்தாலும் அதை முழுமையாகக் கொடுத்துவிட முடியாது. தமிழ் வழியில் படித்ததை நீங்கள் ஒரு குறையாக எண்ண வேண்டாம். நம் மாநிலத்தின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் பதிவாகின்றன. ஆங்கிலப் பள்ளிகளில் படித்து வந்த நல்ல மாணவர்கள் பலர் ‘அனுபவ பாத்தியதை’, ‘பாகப்பிரிவினை’, ‘விடுதலைப் பத்திரம்’ போன்ற சொற்களின் முன் திகைத்து நிற்பதை நான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும் மாவட்ட நீதிமன்றங்களிலும் அடிக்கடி பார்க்கிறேன்.

இதற்குப் பொருள் ஆங்கிலம் வேண்டாம் என்பதன்று. உயர் நீதிமன்றத்தின் மொழி அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆவது உறுப்பின்படி ஆங்கிலமாகவே இருக்கிறது. நீங்கள் படிக்க வேண்டிய சட்டங்களும் மேல்முறையீட்டுத் தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் உள்ளன. அரசு சட்டக் கல்லூரித் தேர்வுகளைத் தமிழில் எழுத முடியும் என்பதற்காக, ஆங்கிலத்தைத் தள்ளிப்போட்டு ஐந்தாண்டைக் கழித்துவிட்டால் இழப்பு உங்களுக்குத்தான். நாளுக்கு ஒரு தீர்ப்பில் இரண்டு பக்கம் வாசித்து, அதன் சாரத்தைத் தமிழில் ஐந்து வரியில் எழுதும் வழக்கத்தை முதலாண்டிலேயே தொடங்குங்கள். மொழிபெயர்ப்புத் தாளுக்கு இதைவிடச் சிறந்த தயாரிப்பு எனக்குத் தெரியவில்லை. இதற்குப் பணமும் செலவாகாது.

இப்போது மாமாவின் யோசனைக்கு வருவோம். அவர் உங்கள் நலம் விரும்பியே சொல்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் என்றால் ஐந்தாண்டில் பன்னிரண்டரை லட்சம்; சென்னையில் தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு தனி. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும், எனவே அந்த ஒன்றரை ஏக்கர் எப்படியும் வங்கிக்கோ வட்டிக்கடைக்கோ போய்ச் சேரும். வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்குகிறது. அதற்கிடையிலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் 22 வயதில் படிப்பை முடிப்பீர்கள். 25 வயது வரை ஜூனியர் வழக்கறிஞராகப் பணிபுரிய வேண்டும். தவணை 23 வயதில் தொடங்கும். வருமானம் மிகக் குறைவாக இருக்கும் காலமும் கடன் கழுத்தைப் பிடிக்கும் காலமும் ஒன்றாகிவிடுகின்றன. இந்த இடத்தில்தான் திறமையுள்ள பிள்ளைகள், குறிப்பாகப் பெண்கள், வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டுக் கிடைத்த அலுவலக வேலையில் சேர்ந்துவிடுகிறார்கள். நீதிபதி கனவு கலைவது பெரும்பாலும் தேர்வு அறையில் நிகழ்வதில்லை. பட்டம் பெற்றபின், மாதத் தவணை கட்ட முடியாமல் போகும் அந்த இரண்டாம் ஆண்டில் நிகழ்கிறது.

ஜூனியர்களின் வருமானம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் ஜூனியர்களுக்கு உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் வழக்கறிஞர் மன்றத்துக்கு (பார் கவுன்சில்) உத்தரவிட்டது. எல்லா அலுவலகங்களும் அதன்படி நடக்கின்றன என்று சொல்வதற்கில்லை. பல சிறு நகரங்களில் இன்னும் ‘பஸ் காசு’ அளவில்தான் கொடுக்கிறார்கள். எனவே, உங்கள் குடும்பம் சட்டப் படிப்புக்காக ஒதுக்க முடிந்த பணம் எவ்வளவாக இருந்தாலும், அதில் பெரும்பகுதியைக் கல்லூரிக்குக் கொடுத்துவிடாமல் பட்டத்துக்குப் பிந்தைய அந்த மூன்றாண்டுகளுக்கென்று வைத்திருப்பதே உங்கள் இலக்குக்குப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து.

அரசு சட்டக் கல்லூரிகளை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். அவற்றின் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களுக்குள் அடங்கும். நுழைவுத் தேர்வு கிடையாது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டைப் பின்பற்றிக் கலந்தாய்வு நடத்துகிறது. உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் விட்ட முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு அளிக்கும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் சட்டப் படிப்பையும் உள்ளடக்கியது. அவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் உங்களுக்குப் பொருந்தும். மாமாவிடம் பேசும்போது இதை முதலில் எடுத்து வையுங்கள். இலவசமாகக் கிடைக்கக்கூடிய இடத்துக்குப் பதிலாக நிலத்தை அடகு வைக்கச் சொல்கிறோம் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

அங்கே வகுப்பு ஒழுங்காக நடக்காது என்ற அச்சத்தை நான் முற்றிலும் மறுக்க மாட்டேன். ஆசிரியர் பற்றாக்குறை, கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும் துறைகள், நெரிசலான வகுப்பறைகள், அவ்வப்போது வரும் வேலைநிறுத்தங்கள் ஆகியவை பழைய மாணவர்கள் அனைவருக்கும் தெரிந்தவை. மாதிரி நீதிமன்றப் போட்டிகளுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஏற்பாடும் தனியார் நிறுவனங்களில் இருப்பதைப்போல் இருக்காது. ஆனால் இந்தக் குறைகளால் சிலர் வீணாவதும் சிலர் தாமாகவே படிக்கக் கற்றுக்கொள்வதும் ஒரே வகுப்பில்தான் நடக்கிறது. கட்டணம் அதிகமான இடத்தில் வகுப்பு நடக்கும், ஆனால் பெரும்பாலும் நீதிமன்ற வாசல் தூரத்தில் இருக்கும். உங்கள் இலக்குக்கு எந்தக் குறையைச் சரிசெய்துகொள்வது எளிது என்று பாருங்கள்.

எந்த ஊர்க் கல்லூரி என்பதில்தான் நீங்கள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். உங்களுக்குக் காரைக்குடி அருகில், திருச்சியும் தூரமில்லை. வீட்டுக்கு அருகில் என்ற காரணத்தால் காரைக்குடியை முதலிடத்தில் போடத் தோன்றும். அது 2022-இல் தொடங்கிய இளம் கல்லூரி. முன்னாள் மாணவர்கள் இன்னும் தொழிலில் கால் ஊன்றவில்லை. நான் மதுரையை முதலிலும் திருச்சியை அடுத்தும் வைப்பேன். மதுரையில் 2004 ஜூலை 24 முதல் உயர் நீதிமன்றக் கிளை இயங்குகிறது. புதுக்கோட்டை மாவட்டமும் அதன் எல்லைக்குள்தான் வருகிறது. மாவட்ட நீதிமன்றம், குடும்ப நீதிமன்றம், தொழிலாளர் நீதிமன்றம் என எல்லாமே அந்நகரில் இருப்பதால், மாலை நேரத்திலும் விடுமுறையிலும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் போய் உட்காருவதற்கு வாய்ப்பு மிகுதி. தென்மாவட்ட வழக்கறிஞர் சங்கங்கள் எதற்குள் நுழைந்தாலும் மதுரைச் சட்டக் கல்லூரியின் பழைய மாணவர்கள் இருப்பார்கள். ஜூனியராகச் சேர இடம் தேடும்போது அந்த உறவு பட்டச் சான்றிதழைவிட விரைவாக வேலை செய்யும். திருச்சியில் உயர் நீதிமன்றம் இல்லாவிட்டாலும் பெரிய மாவட்ட நீதிமன்ற வளாகம் இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரவும் முடியும் என்பதால் அதையும் குறைவாக மதிப்பிட மாட்டேன்.

சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளியையும் விண்ணப்பத்தில் சேர்க்கலாம். ஹானர்ஸ் பட்டம், நல்ல நூலகம், போட்டிகளில் கலந்துகொள்ளும் சூழல் எல்லாம் உண்டு. கட்டணம் அரசு கல்லூரிகளைவிடப் பல மடங்கு கூடுதல், தேவைப்படும் மதிப்பெண்ணும் உயர்வு. 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். சொந்தச் செலவில் என்றால், நீதிபதி இலக்குக்கு அந்தக் கூடுதல் தொகை அவசியமில்லை என்பேன்.

ஆசிரியை சொன்ன கிளாட் வழிக்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி மிகச் சரி. மும்பை, டெல்லி, பெங்களூரு நகரங்களைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய சட்ட நிறுவனங்கள், முன்னணி தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் வளாகங்களுக்கே சென்று மாணவர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அந்த வேலைக்குக் கல்லூரியின் பெயர் உண்மையிலேயே முக்கியம். பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா போன்ற இடங்களின் பழைய பல்கலைக்கழகங்களுக்கும் பிறகு தொடங்கியவற்றுக்கும் இடையே இவ்விஷயத்தில் பெரிய இடைவெளி இருக்கிறது. நம் மாநிலத்துக்குத் திருச்சியை அடுத்த நவலூர் குட்டப்பட்டில் 2013 முதல் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்று தனி இடங்களும் உள்ளன. ஆனால் அந்தப் பெரிய நிறுவனங்களின் பணி ஒப்பந்தங்களை வரைவது, ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போது ஆவணங்களைச் சரிபார்ப்பது போன்றது. சாட்சிக் கூண்டையே பார்க்காமல் பத்தாண்டு கழியலாம். அந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று ஒருவரும் உங்களிடம் கேட்டதாகக் கடிதத்தில் தெரியவில்லை.

கிளாட் தேர்வு டிசம்பரில் நடக்கிறது. இரண்டு மணி நேரத்தில் 120 வினாக்கள். ஒவ்வொரு பகுதியும் நீண்ட ஆங்கிலப் பத்திகளை வாசித்து விடையளிப்பது. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். தமிழ் வழியில் வந்த மாணவி ஏழு மாதத்தில் இந்த வாசிப்பு வேகத்தை அடைவது முடியாத காரியமன்று. எனினும் அதற்காக ஓராண்டு வீட்டில் இருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அரசு கல்லூரியில் சேர்ந்துவிட்டு, விருப்பமிருந்தால் அங்கிருந்தபடியே டிசம்பரில் எழுதிப் பாருங்கள். நல்ல தரவரிசை வந்தால் அப்போது முடிவு செய்துகொள்ளலாம், வராவிட்டாலும் ஆண்டு வீணாகியிருக்காது. தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் கதவு இத்துடன் மூடிவிடுவதுமில்லை. பட்டம் பெற்றபின் முதுகலைக்கான கிளாட் எழுதி ஓராண்டில் எல்.எல்.எம். முடிக்கலாம், பொதுத்துறை நிறுவனங்கள் சில சட்ட அலுவலர்களைத் தேர்ந்தெடுப்பதற்கும் அந்த மதிப்பெண்ணையே பயன்படுத்துகின்றன.

எங்கே சேர்ந்தாலும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் ஒப்புதல், நீங்கள் சேரும் படிப்புக்கும் சேரும் கல்வியாண்டுக்கும் உண்டா என்பதைப் பாருங்கள். பல்கலைக்கழகம் பெரியது என்பதால் அதன் சட்டப் படிப்புக்கும் ஒப்புதல் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். வகுப்புக்கே வர வேண்டாம், பட்டம் தருகிறோம் என்று பக்கத்து மாநிலங்களின் ‘லெட்டர் பேடு’ கல்லூரிகளுக்கு ஆள் பிடிக்கும் முகவர்களும் இந்தப் பருவத்தில் தொலைபேசியில் அழைப்பார்கள். பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள்.

கல்லூரியில் சேர்ந்தபின் ஒன்றை மறவாதீர்கள். ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது இருபது வாரம் பயிற்சிப் பணி செய்ய வேண்டும் என்பதும், அதில் ஒருமுறையாவது விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும் மேல்முறையீட்டு வழக்கறிஞரிடமும் இருந்திருக்க வேண்டும் என்பதும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி. பல மாணவர்கள் தெரிந்தவரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் முதல் விடுமுறையிலேயே புதுக்கோட்டை முன்சீப் கோர்ட்டில் சிவில் வழக்கு நடத்தும் ஒருவரிடம் சேர்ந்து, வக்காலத்து தாக்கல் செய்வது முதல் சாட்சி விசாரணை வரை ஒரு வழக்கையாவது தொடர்ந்து கவனியுங்கள். அப்பா பெண் பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்கினால், பெண் வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தைக் கேட்டுப் பாருங்கள். எல்லா மாவட்ட வழக்கறிஞர் சங்கங்களிலும் இப்போது அவர்கள் இருக்கிறார்கள்.

படிப்பு முடித்துப் பதிவு செய்யும்போது, பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கும் மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கறிஞராகத் தொடர்ந்து பணிபுரியத் தேவையான அகில இந்திய வழக்கறிஞர் தகுதித் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். உங்கள் மதிப்பெண்ணுக்கு அதைப் பற்றி இப்போதே கவலைப்படத் தேவையில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது, கலந்தாய்வு விண்ணப்பத்துக்கு முன் சான்றிதழ்களைத் திரட்டுவது. சாதிச் சான்றிதழும், குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவர் நீங்கள்தான் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெற வேண்டியவை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்; இடையில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளிகளிலும் வாங்க வேண்டியிருக்கும், கடைசி நேரத்தில் பலர் தடுமாறுவது இந்த ஒரு தாளுக்காகத்தான்.